சீனாக்காரர் கைப் போணி

சரித்திரத்தில் எத்தனையோ நகரங்கள் எத்தனையோ சாதனைகள் புரிந்திருக்கலாம். ஆனால் சீன மொழியில் பேரம் பேசக் கற்றுக்கொண்ட ஒரே கோயில் நகரம் பெரிய காஞ்சிபுரம்தான். அந்தத் திருப்பணியில் செயலாளர் என்ற முறையில் எனக்கும் ஒரு சிறு பங்கு உண்டு என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

எழுபத்தெட்டாம் ஆண்டு தை மாதம். மலேசியாவிலிருந்து ஒரு பஸ் நிறையச் சீனர்கள் கோயில் பார்க்க வருவதாகவும், போகும்போது பட்டு வாங்குவார்கள் என்றும் தகவல் வந்தது. உடனே பட்டுக்கடைக்காரர்களாகிய நாங்கள் ஆதிகேசவன் கடையில் அவசரக் கூட்டம் போட்டோம். ஆதிகேசவன்தான் எங்கள் தலைவர்.

"வருகிறவரிடம் அவருடைய தாய்மொழியில் நாலு வார்த்தை அன்பாகப் பேசுவதே வியாபாரத்தின் உயிர்" என்று அவர் உரையாற்றினார். பலர் கண் கலங்கினார்கள். 'சீன மொழி அபிவிருத்திக் குழு' அங்கேயே உதயமாயிற்று. ரப்பர் முத்திரைக்கு ஆர்டர் கொடுத்துவிட்டு ஆசிரியரைத் தேடினோம்.

பக்கத்து ஐயம்பேட்டையில் ஒருவர் கிடைத்தார். வீராசாமி, பழைய பட்டாளத்துக்காரர். அறுபத்திரண்டு சண்டையில் சீனர்களிடம் பிடிபட்டுச் சில மாதம் கைதி முகாமில் இருந்தவர்.

"அங்க பேரமெல்லாம் ஏதுங்க?" என்று அவர் கூச்சப்பட்டார். "காலையில வரிசையில நிக்கச் சொல்வாங்க. தலைய எண்ணுவாங்க. அந்த வார்த்தைங்கதான் நமக்குத் தெரியும்."

"வரிசையில நிக்க வச்சு எண்றதுதானே மாஸ்டர் வியாபாரம்! வேற இன்னா வேணும்?" என்றார் தலைவர்.

"காவக்காரன் ஒருத்தன் என் கம்பளி மப்ளர வெலைக்குக் கேட்டான். 'தோ ஷாவ் சியென்'னான். எவ்ளோன்னு அர்த்தம். நான் வெரலைக் காட்டினேன். 'தாய் குய் லா'ன்னான். ரொம்ப அதிகமாம்."

"அபாரம்! அப்புறம் எவ்ளோக்கு முடிச்சீங்க?"

"விக்கலீங்க. பாவம், அவனும் குளிர்ல நடுங்கிக்கினுதான் இருந்தான். சும்மா குடுத்துட்டேன்."

கடைசிப் பகுதி பாடத்திட்டத்தில் சேர்க்கப்படவில்லை.

தினம் மாலை ஆதிகேசவன் கடையிலேயே வகுப்பு நடந்தது. எண்கள் எளிதாக வந்தன. 'தாய் குய் லா' வந்தபோதுதான் சிக்கல். கடையில் உட்கார்ந்துகொண்டு 'விலை ரொம்ப அதிகம்' என்று தன் வாயாலேயே சொல்ல எந்த வியாபாரிதான் துணிவான்? வீராசாமி கெஞ்சிப் பார்த்தார். முடிவில், அந்த வாசகத்தை உறுப்பினர்கள் காதால் மட்டும் கற்றுக்கொள்வது என்று ஒருமனதாகத் தீர்மானம் போட்டோம்.

அந்தச் சமயத்தில்தான் ஓரிக்கையிலிருந்து செல்லியம்மாள் என்ற பெண்மணி வந்து நின்றாள். மகள் காந்தாவுக்குக் கல்யாணம். கூறைப்புடவை எடுக்க வேண்டும்.

"அரக்கு நெறத்துல காட்டுங்க மொதலாளி. கொழந்த அதான் வேணும்னு ஆசப்படுது."

"கிளாஸ் நடக்குதும்மா, தெரியல? நாளைக்கி வா" என்றார் தலைவர்.

மறுநாளும் வந்தாள். மறுநாளும் வகுப்பு. கடைசியாக, சீனர்கள் வரப்போகும் வெள்ளிக்கிழமை, கடை திறக்கும்போதே வாசலில் நின்றாள்.

"ஞாயித்துக்கெழம முகூர்த்தம் மொதலாளி. நடவுக்குப் போவாம வந்திருக்கேன். இன்னிக்கி எடுத்தாத்தான் உண்டு."

தலைவர் திகைத்துப் போனார். எங்கள் ஊரில் போணி, அதாவது அன்றைய முதல் வியாபாரம், மிகப் புனிதமானது. முதலில் கடைக்குள் வருகிறவரை வெறுங்கையோடு திருப்பி அனுப்பக் கூடாது. கேட்ட விலைக்குக் கொடுத்தாவது அனுப்ப வேண்டும். இல்லையென்றால் நாள் முழுக்க ஈ ஓட்ட வேண்டியதுதான். தலைவரோ, அன்றைய போணி சீனாக்காரர் கையால்தான் நடக்க வேண்டும் என்று காமாட்சிக்கு நேர்ந்துகொண்டிருந்தார்.

பெரியவர்கள் இப்படிப்பட்ட நேரத்தில்தான் பெரியவர்களாகிறார்கள். தலைவர் ஒரு கணம் கண்ணை மூடித் திறந்து, ஒரு 'சட்ட விளக்கம்' அளித்தார்: வாசற்படிக்கு வெளியே நிற்பவர் வந்தவர் ஆகமாட்டார்.

"உள்ள கால் வைக்காதம்மா. போணி ஆவட்டும்."

"எப்பப்பா ஆவும்?"

"பஸ் வந்தா ஆவும்."

வெயில் ஏறியது. செல்லியம்மாள் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றாள். வீராசாமி ஒரு ஸ்டூலை எடுத்துக்கொண்டு போய் வெளியே போட்டார். "மாஸ்டர், பாடத்த கவனிங்க" என்று தலைவர் கண்டித்தார்.

மத்தியானம் பஸ் வந்தது. தலைவர் ஜரிகை வேட்டியோடு வாசலுக்கு வந்து கைகூப்பி, வீராசாமியிடம் கற்ற முதல் வாசகத்தைக் கணீரென்று முழங்கினார். "பாய் துய்!"

வரிசையில் நில் என்று அர்த்தம். விருந்தினர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு மரியாதையாக வரிசையில் நின்றார்கள். தலைவர் உற்சாகமாக அவர்களை எண்ணத் தொடங்கினார்.

வரிசையின் முதலில் கறுப்புக் குடை பிடித்த ஒரு சீன அம்மாள் இருந்தார். தலைவரை விட்டுவிட்டு ஸ்டூலைப் பார்த்தார்.

"ஏம்மா, வெயில்ல ஒக்காந்திருக்கீங்க? உள்ள போகலாம்தானே?"

சுத்தமான தமிழ்! பினாங்குப் பக்கம் ரப்பர் தோட்டத்தில் தமிழ்க் குடும்பங்களோடு வளர்ந்தவராம்.

"போணி ஆவலியாம்மா. நீங்க வந்தாத்தான் என்னை உள்ள உடுவாங்களாம்" என்றாள் செல்லியம்மாள். தலைவர் சிரிக்க முயன்றார்.

அந்த அம்மாள் குடையை மடக்கினார். செல்லியம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டார். "எங்க ஊர் தமிழ்க் கடையிலயும் போணி பாப்பாங்க. மொதல்ல வந்தவங்க கையாலதான் செய்வாங்க. நீங்க மொதல்ல கால் வைங்க."

செல்லியம்மாள் கால் வைத்தாள். இனித் திருப்பி அனுப்ப முடியாது! சட்ட விளக்கத்துக்கு மேல் வேறு விளக்கம் தலைவரிடம் இல்லை. அரக்குப் புடவைகள் தாமாகவே அலமாரியிலிருந்து இறங்கின. இரண்டு பெண்களும் பாயில் உட்கார்ந்து முந்தானையைத் தடவிப் பார்த்தார்கள். வீராசாமி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். விலை சொன்னதும் சீன அம்மாள் நல்ல தமிழில், "ரொம்ப அதிகம்" என்றார். இதற்கு நாங்கள் காதால்கூடப் பயிற்சி பெறவில்லை. செல்லியம்மாள் கேட்ட விலைக்கே போணி ஆயிற்று.

புடவையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அவள் எழுந்தாள். படி இறங்குமுன் திரும்பி, எங்கள் எல்லோரையும் கொஞ்சமும் கோபமில்லாமல் பார்த்தாள்.

"அந்தம்மா பினாங்குன்னு சொன்னாங்க, மொதலாளி. நீங்கள்லாம் எந்த தேசங்க?"

பதில் சொல்ல உபகுழு அமைத்திருக்கிறோம். எந்த மொழியில் சொல்வது என்று அது இன்னும் முடிவு செய்யவில்லை.