முதல் பூச்சு

குதிரைவீரனின் முகத்தில் மணல் ஒட்டியதுபோல் இருந்தது.

சின்ன டாக்டர் அவனைக் குதிரையோடு சேர்த்து இரண்டு விரலால் தூக்கி, பல் பார்க்கும் விளக்கின் கீழே திருப்பிப் பார்த்தார். வண்ணத்தைக் காற்றால் பீய்ச்சும் ஏர்பிரஷ்ஷிலிருந்து கிளம்பிய பிரைமர் என்ற சாம்பல் நிற அடிப்பூச்சு, போய்ச் சேருவதற்குள் காற்றிலேயே காய்ந்து பொடிப்பொடியாக உட்கார்ந்திருந்தது. பிரைமர் சரியாகப் பிடிக்காவிட்டால் மேலே அடிக்கும் வண்ணம் உலோகத்தில் நிற்காது. நகம் பட்டாலே உரிந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை பொம்மைப் படைகளின் கண்காட்சி. அவருடைய கட்டைவிரல் உயரப் படையோ, நோயாளிகள் வாய் கொப்பளிக்கும் தொட்டிக்குப் பக்கத்தில் இன்னும் வெறும் உலோகமாக நின்றுகொண்டிருந்தது.

அந்தப் பல் ஆஸ்பத்திரியில் அக்கா பெரிய டாக்டர், தம்பி சின்ன டாக்டர். நாற்காலி, விளக்கு, பின்னறைக் கம்ப்ரசர், அதிலிருந்து வரும் காற்று, எல்லாமே அக்காவுடையவை. பல்லை ஊதி உலர்த்தும் முனையைக் கழற்றிவிட்டு அதே குழாயில் தம்பி ஏர்பிரஷ்ஷை மாட்டியதைப் போன மாதம் பார்த்துவிட்டாள்.

"இன்னொரு தடவை என் காத்துல உன் பொம்மைக்குப் பெயின்ட் அடிச்சேன்னு வை, வேற ஆஸ்பத்திரி பாத்துக்க."

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் தம்பி இவ்வளவு பயந்திருக்க மாட்டார்.

இப்போது அக்கா வெளியே போயிருந்தாள். வரவேற்பில் இருக்கும் பெண் சாப்பிடப் போயிருந்தாள். சின்ன டாக்டர் காற்றழுத்தத்தைக் கொஞ்சம் கூட்டினார்.

குதிரைவீரன் மல்லாக்க விழுந்தான். அவனுக்குப் பின்னால் இருந்த படை மொத்தமும் சாய்ந்தது. மிச்சப் பிரைமர் சுவர்ப் படத்தில் சிரித்துக்கொண்டிருந்த குடும்பத்தின் பற்களில் போய் உட்கார்ந்தது. ஸ்பிரிட்டால் துடைத்தார். பல்லோடு சேர்ந்து உதடும் போயிற்று. படத்தைச் சுவர்ப்பக்கமாகத் திருப்பி மாட்டினார்.

அப்போதுதான் தோளில் பையோடு ஒருவர் உள்ளே வந்தார்.

"பெரிய டாக்டர் இல்லீங்களா?"

சின்ன டாக்டர் படையின் மேல் துண்டைப் போட்டார். "எதுவா இருந்தாலும் நானே பாத்துக்கறேன். உக்காருங்க."

"இதுலயா?"

"வேற எதுல?"

வந்தவர் பையை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் தயக்கமாகச் சாய்ந்தார். "உள்ள ஏதோ சத்தம் கேட்டுச்சே."

"இங்க ஒரு சத்தமும் இல்லையே."

"இல்லீங்க, காத்து சீறுற மாதிரி..."

"ஆ காட்டுங்க."

காட்டினார். பல் டாக்டர் சொன்னால் யாரும் காட்டத்தான் செய்கிறார்கள். இந்த ஆள் அக்காவிடம் சத்தத்தைப் பற்றிப் பேசாமல் இருக்க வேண்டும். சின்ன டாக்டர் இரண்டு கன்னத்திலும் பஞ்சை அடைத்தார்.

முன்பல்லில் நிஜமாகவே ஒரு சின்னச் சொத்தை இருந்தது. அவருக்கு நிம்மதி. சுரண்டினார், அடைத்தார், இனி ஊதி உலர்த்த வேண்டியதுதான். பழக்கத்தில் கை பின்னால் போய்க் கொக்கியில் தொங்கியதை எடுத்தது. அழுத்தினார்.

முன்பல் சாம்பல் நிறமாயிற்று.

மணல் இல்லை, வழிசல் இல்லை, ஓரத்தில் தேங்கவில்லை. அன்றைக்கு அவர் அடித்ததிலேயே நல்ல பூச்சு அதுதான். ஒரு கணம் அவரால் ரசிக்காமல் இருக்க முடியவில்லை.

பஞ்சால் தேய்த்தார். வரவில்லை. பல்லுக்கு மெருகு ஏற்றும் பசையைப் போட்டுத் தேய்த்தார். பளபளப்பு வந்தது.

"ஹ்ம்?" என்றார் நாற்காலியில் இருந்தவர்.

"ஒண்ணுமில்ல, அசையாதீங்க."

சின்ன டாக்டர் யோசித்தார். ஒரு பல் மட்டும் சாம்பலாக இருந்தால் தப்பு நடந்திருக்கிறது என்று தெரிந்துவிடும். வரிசையாக இருந்தால் வைத்தியம் என்று தோன்றும். உதட்டை விலக்கிப் பிடித்து, பற்களை நன்றாகத் துடைத்து உலர்த்தி, மேல் வரிசை முழுவதற்கும் ஒரே சீராக அடித்தார். பிறகு கண்ணாடியைக் கொடுத்தார்.

வந்தவர் வெகுநேரம் பார்த்தார்.

"பாதுகாப்புப் பூச்சு. ரெண்டு நாள் கழிச்சு வாங்க, எடுத்துடலாம். பெரிய டாக்டர்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. அவங்களுக்குப் புது முறை எதுவும் பிடிக்காது."

"எது பிடிக்காது?" என்று வாசலில் குரல் கேட்டது.

அக்கா கைப்பையைக் கீழே வைக்காமலே சுற்றிலும் பார்த்தாள். திருப்பி மாட்டிய படம். துண்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த ஒரு குதிரையின் கால். நாற்காலியில் வாயைத் திறந்தபடி, சாம்பல் பற்களோடு ஒரு மனிதர்.

"என்னடா இது?"

"பேஷன்ட் அக்கா. வலி தாங்க முடியாம ஓடி வந்தாரு. சாப்பிடாமக்கூட பாத்துக்கிட்டிருக்கேன்."

அவள் நாற்காலிக்குப் பக்கத்தில் வந்தாள். "எந்தப் பல்லுங்க வலிச்சுது?"

வந்தவர் கன்னத்துப் பஞ்சை ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டில் வைத்தார். எழுந்து, பையைத் தோளில் மாட்டிக்கொண்டார்.

"நீங்க கம்ப்ரசர் ரிப்பேருக்கு ஃபோன் பண்ணீங்களே மேடம், அதுக்கு வந்தவன் நான். இதெல்லாம் முடிச்சாத்தான் மெஷினையே காட்டுவாங்களா?"