சுற்றாத டிஸ்குக்கு வைத்தியம்

தேயிலைத் தோட்டத்து ஆபீஸ் கம்ப்யூட்டர் கண் விழிப்பதற்குள் அழகுமுத்து பால் விடாத பிளேன்டீயைக் குடித்து முடித்து, கப்பைக் கழுவிக் கவிழ்த்தும் வைத்துவிட்டான். திரையில் வெறும் நீல நிறம்தான் நின்றது. பெட்டிக்குள்ளிருந்து கறகறவென்று ஒரு சத்தம் வந்துகொண்டிருந்தது.

புது டிஸ்க் போட்ட கம்ப்யூட்டர் இப்படித் தூங்கி வழியக்கூடாது. அதுவும் தோட்ட மேனேஜர் தொரையின் மருமகன் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த டிஸ்க். உள்ளே சுற்றுகிற தட்டு என்று எதுவும் கிடையாதாம், எல்லாம் சில்லுதானாம். இரண்டாயிரத்து ஒன்பதில் டயகமப் பக்கத்தில் வேறெந்தத் தோட்டத்திலும் அப்படி ஒரு சாமான் இல்லை என்று தொரை எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

அது வந்து சேர்ந்த அன்றைக்கு அழகுமுத்து ஆபீசில் இல்லை. வட்டவளையில் பெரியம்மா வீட்டுக் கல்யாணத்தில் பந்தி பரிமாறிக்கொண்டிருந்தான். மறுநாள் வந்து பார்த்தால் மேசை மேல் டிஸ்க் வந்த வெறும் அட்டைப்பெட்டி. கம்ப்யூட்டரின் முதுகில், திறந்தால் நாங்கள் பொறுப்பல்ல என்று ரிப்பேர்காரர் ஒட்டிய சீல். என்ன நடந்தது என்று பெரிய கிளாக்கர் தம்பிராசாவைக் கேட்டான். அவர் யாழ்ப்பாணத்துக்காரர். கரண்டில் ஓடுகிற எதன் மீதும் மரியாதை இல்லாதவர்.

"ஹட்டனில இருந்து ஒருத்தர் வந்தார். திறந்தார், தூசு தட்டினார், பூட்டினார், வடிவாய்ச் சாப்பிட்டார், போயிட்டார்," என்று சொல்லிவிட்டு அவர் டைப்ரைட்டருக்குத் திரும்பிவிட்டார்.

அந்த நேரம் பார்த்துத் தொரை ஜீப்பில் ஏறிக்கொண்டிருந்தார். ஏறும்போதே சொன்னார்:

"அழகுமுத்து, புது டிஸ்க் வந்தாச்சு. மிசினை அதுக்குத் தக்கன ரெடி பண்ணு. கொழும்புப் பெரிய தொர வர்ற அன்னைக்குப் பறக்கணும்."

"சரிங்க தொர."

அவ்வளவுதான் பேச்சு. தோட்டத்தில் தொரையிடம் மறுகேள்வி கேட்கிற வழக்கம் அவனுடைய பாட்டன் காலத்திலும் இல்லை, அப்பன் காலத்திலும் இல்லை. தொரை சொன்னால் தலையாட்ட வேண்டும். சந்தேகம் இருந்தால் வீட்டுக்குப் போய்ப் பெண்டாட்டியிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

அழகுமுத்துவுக்குப் பெண்டாட்டி இன்னும் வரவில்லை. பிரச்சினையே அதுதான்.

வர வேண்டியவள் ஜீவராணி. கொழுந்தெடுக்கப் போகிறவர்களின் குழந்தைகளைப் பிள்ளைக்காம்பராவில் பார்த்துக்கொள்கிறவள். இவர்கள் இரண்டு பேருக்குள் இருக்கும் விஷயம் தொரையின் நாய் உட்படத் தோட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். அவளுடைய அப்பா பொன்னையா, பெக்டரியில் டீமேக்கர். அவர் ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டிருந்தார். மாப்பிள்ளைக்கு வேலை நிரந்தரமாக வேண்டும், ஸ்டாப் குவாட்டர்ஸ் கிடைக்க வேண்டும். தொழிலாளர் வரிசைவீடான லயத்துக் காம்பராவுக்கு மகளை அனுப்ப மாட்டாராம். அவர் பிறந்து, வளர்ந்து, கல்யாணம் கட்டி, ஜீவராணியைப் பெற்றதும் லயத்துக் காம்பராவில்தான். குவாட்டர்ஸ் சாவி கைக்கு வந்த அன்றைக்கு அதையெல்லாம் மறந்துவிட்டார்.

அழகுமுத்து இன்னும் தற்காலிகக் கிளாக்கர்தான். பெரிய தொரை வந்து, எல்லாப் பிரிவுகளின் கொழுந்து நிறையையும் கம்ப்யூட்டரில் பார்த்துத் திருப்திப்பட்டால் அவனை நிரந்தரமாக்கி, காலியாகக் கிடக்கிற குவாட்டர்ஸையும் தருவதாகத் தொரை வாக்குக் கொடுத்திருந்தார். ஆக, அவனுடைய கல்யாணம் இந்தப் பெட்டிக்குள்தான் மாட்டிக்கொண்டிருந்தது.

அவன் அக்கரப்பத்தனையில் போனும் இன்டர்நெட்டும் உள்ள கொமினிகேஷன் கடை வைத்திருக்கும் கிஷாந்துக்குப் போன் போட்டான். கிஷாந்த் கூடப் படித்தவன். இன்டர்நெட்டில் காலையில் படித்ததை மத்தியானமே சொந்த அனுபவம் மாதிரி சொல்லக்கூடியவன்.

"மச்சான், அது புது டிஸ்க்குன்னு வின்டோஸுக்குத் தெரியாது," என்றான் கிஷாந்த். "பழைய டிஸ்க்குக்குச் செய்யிற பணிவிடையத்தான் அதுக்கும் செய்யும். இந்த டிஸ்க்ல சும்மா சும்மா எழுதினா ஆயுசு கொறையும். அந்தப் பணிவிடையெல்லாம் ஒண்ணொண்ணா நிப்பாட்டு."

முதலில், சிதறிக் கிடக்கிற பைல்களை ஒழுங்காக அடுக்கி வைக்கிற வேலையை நிறுத்தச் சொன்னான். சுற்றாத டிஸ்க்கில் எது எங்கே கிடந்தாலும் ஒரே வேகம்தானாம். அடிக்கடி திறக்கிற புரோகிராம்களை முன்கூட்டியே எடுத்து வைக்கிற வேலையையும் நிறுத்தச் சொன்னான். அழகுமுத்து இரண்டையும் நிறுத்தினான். மறுநாள் கம்ப்யூட்டர் எழும்ப இரண்டு பிளேன்டீ ஆனது.

"அப்ப இன்னும் எங்கயோ எழுதுது," என்றான் கிஷாந்த். மெமரி போதாதபோது டிஸ்க்கில் கொஞ்சம் இடத்தைக் கைமாற்றாக எடுத்துக்கொள்ளும் வசதி ஒன்று உண்டு, அதையும் அடைத்துவிடு என்றான். அழகுமுத்து அடைத்தான். ஆபீஸ் கம்ப்யூட்டரில் மெமரி ஏற்கெனவே கைக்கும் வாய்க்கும் பற்றாத நிலைமையில்தான் இருந்தது. கொழுந்துக் கணக்கைத் திறந்தால் பிரின்டர் செத்தது, பிரின்டரை எழுப்பினால் கொழுந்துக் கணக்கு மூடிக்கொண்டது. இரண்டையும் சேர்த்து ஓட்டப் பார்த்தபோது திரையில் ஒரு மன்னிப்புக் கடிதம் வந்து நின்றது.

அடுத்ததாகப் பைல்களின் பெயர்களை முன்கூட்டியே பதிந்துவைத்துத் தேடித் தருகிற வேலையை நிறுத்தினான். அன்றைக்குத் தொரைக்கு உடப்புசல்லாவைத் தோட்டத்துக்கு அனுப்பிய பழைய கடிதம் ஒன்று தேவைப்பட்டது. அழகுமுத்து தேடச் சொல்லிவிட்டுக் காத்திருந்தான். தொரை காத்திருந்தார். பிறகு பங்களாவுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தார். திரையில் ஒரு பூதக்கண்ணாடி இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. தம்பிராசா எழும்பி, அலுமாரியைத் திறந்து, அந்தக் கடிதத்தின் பிரதியை எடுத்துத் தொரையின் கையில் கொடுத்துவிட்டு டைப்ரைட்டருக்குத் திரும்பினார். அவர் திட்டியிருந்தால்கூட அழகுமுத்துவுக்கு இவ்வளவு வலித்திருக்காது.

"என்னா நடக்குது?" என்று தொரை கேட்டார்.

"டிஸ்க்குக்குத் தக்கன ரெடி பண்ணிக்கிட்டு இருக்கேங்க தொர."

தொரையும் தலையாட்டிவிட்டுப் போனார். தனக்குப் புரியாத விஷயத்தில் மறுகேள்வி கேட்கிற வழக்கம் தொரைமாருக்கும் கிடையாது.

அதற்குப் பிறகு வந்தது மழைக்காற்று. கரண்ட் போனால், யூபிஎஸ் பேட்டரி தாங்குகிற நேரத்துக்குள் திறந்திருப்பதையெல்லாம் டிஸ்க்கில் பத்திரப்படுத்திவிட்டு உறங்குகிற வசதி முன்பு கம்ப்யூட்டருக்கு இருந்தது. அதுவும் வீண் எழுத்துத்தான் என்று கிஷாந்த் சொல்லி, அதையும் இவன் நிறுத்தியிருந்தான். கரண்ட் போனது. அதோடு காலையிலிருந்து குத்திக் குத்தி ஏற்றிய மேல் பிரிவுக் கொழுந்து நிறை முழுவதும் போனது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்கள். இங்கே குரங்குகூட முழுசாய் வரவில்லை.

"தம்பி, கோவியாதேயும்," என்றார் தம்பிராசா. "நீர் கை வைக்க முந்தி உது இதைவிட நல்லாய் ஓடினது."

அழகுமுத்து கோபித்துக்கொள்ளவில்லை. பயந்துதான் போனான். பெரிய தொரை வரும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. அந்தக் கறகற சத்தமும் கூடிக்கொண்டே போனது.

சத்தத்தைப் பற்றிக் கிஷாந்திடம் கேட்டான். கிஷாந்த் சிரித்தான். சுற்றுகிற சாமானே இல்லாத டிஸ்க் எப்படிச் சத்தம் போடும்? பெட்டிக்குள் சுற்றுவது காத்தாடி ஒன்றுதான், அதைக் கவனி என்றான்.

கவனிக்க வேண்டுமானால் திறக்க வேண்டும். சீல் இருக்கிறது. சீலைக் கிழித்தால் தொரை இவனைக் கிழிப்பார். அழகுமுத்து யோசித்து, ஆபீஸ் விளக்குமாற்றிலிருந்து ஒரு ஈர்க்கை உருவி, பின்பக்கத்துக் கம்பி இடுக்கு வழியாக விட்டுக் காத்தாடியை நிறுத்தினான். காத்தாடி நின்றது. கறகற நிற்கவில்லை.

அப்படியானால் எலி. வேறென்ன இருக்க முடியும்? தேயிலைத் தோட்டத்து ஆபீசில் கம்ப்யூட்டரை விட எலிக்குத்தான் சர்வீஸ் அதிகம். பெட்டிக்குப் பக்கத்தில் எலிப்பொறி வைத்து, அதில் ஒரு துண்டுக் கருவாட்டையும் மாட்டினான். எலி வரவில்லை. ஆனால் காத்தாடி இல்லாத பெட்டி சூடேறி, கொழுந்துக் கணக்கின் நடுவிலேயே அணைய ஆரம்பித்தது. ஈர்க்கை எடுக்கலாமென்று பார்த்தால் அது உள்ளேயே முறிந்துபோய்க் கிடந்தது.

மத்தியானம் சோறு கொண்டுவந்த ஜீவராணியின் கையில் ஒரு பைல் அட்டையைக் கொடுத்துப் பெட்டிக்கு விசிறச் சொன்னான்.

"கல்யாணத்துக்கு முந்தியே விசிற வச்சிட்டீங்க," என்றாள் அவள். "அதுவும் ஒங்களுக்கு இல்ல, இந்தப் பொட்டிக்கு."

"ரெண்டு நாள்தான் ராணி. குவாட்டர்ஸ் வந்துட்டா நான் ஒனக்கு விசிறுறேன்."

"எங்கப்பா மவுசாகலைப் பக்கம் ஒரு மாப்பிள்ளை பாத்து வச்சிருக்காரு. நீங்க சீக்கிரம் ஏதாச்சும் பண்ணுங்க," என்று சொல்லிவிட்டு அவள் விசிறினாள். அவள் சிரிக்கவில்லை என்பதை அழகுமுத்து கவனித்தான்.

பெரிய தொரை சனிக்கிழமை காலையில் வந்தார். சப்பாத்து மினுங்கியது. ஆபீசுக்குள் கால் வைத்ததும் மூக்கைச் சுருக்கினார். கருவாட்டை எடுத்துவிட அழகுமுத்து மறந்திருந்தான். தொரை இருந்தார், தம்பிராசா இருந்தார், கோட்டு மாட்டிக்கொண்டு பொன்னையாவும் வந்து நின்றார். ஜன்னலுக்கு வெளியே, பெரிய தொரையின் கண்ணில் படாமல், பைல் அட்டையோடு ஜீவராணி பெட்டியின் முதுகுக்கு விசிறிக்கொண்டிருந்தாள்.

அழகுமுத்து பொத்தானை அமுக்கினான். பெரிய தொரை ஒரு டீ குடித்தார். டீ நன்றாயிருக்கிறது என்று பொன்னையாவைப் பாராட்டினார். இன்னொரு டீ குடித்தார். பெக்டரியைப் பார்த்துவிட்டு வரலாமென்று போய், பார்த்து, திரும்பியும் வந்தார். அப்போதுதான் கொழுந்துக் கணக்கு மெல்லத் தலை காட்டியது. மேல் பிரிவு வந்தது. கீழ்ப் பிரிவு பாதி வந்தது. பெட்டிக்குள் யாரோ பல்லைக் கடிப்பது மாதிரி கறகறவென்றது. திரை இருண்டது.

பெரிய தொரை இங்கிலீசில் ஏதோ கேட்டார். அது கேலிதான் என்று புரிந்துகொள்ள இங்கிலீசு தேவைப்படவில்லை. தொரையின் காது இரண்டும் சிவந்துவிட்டன.

"அந்த டிஸ்க்கை என்னா செஞ்ச?" என்று அழகுமுத்துவைப் பார்த்துக் கேட்டார்.

அழகுமுத்து செய்ததையெல்லாம் சொன்னான். அடுக்குவதை நிறுத்தியது, எழுதுவதை நிறுத்தியது, தேடுவதை நிறுத்தியது, ஈர்க்கு, கருவாடு, ஒன்றையும் மறைக்கவில்லை. சொல்லச் சொல்ல அவனுக்கே கேட்கச் சகிக்கவில்லை. தப்பை எங்கே செய்தோம் என்று மட்டும் விளங்கவில்லை. அதுதான் அவனுக்கு எல்லாவற்றையும் விட வேதனையாக இருந்தது.

"சிங்கப்பூர் டிஸ்க்கை சாகடிச்சிட்ட," என்றார் தொரை. "திங்கக்கிழமையிலருந்து ஆபீஸ் பக்கம் வராத. மடுவக் கொட்டகையில நின்னு கொழுந்து நிறு. குவாட்டர்ஸைப் பத்தி நெனைக்கவும் வேணாம்."

பொன்னையா ஜன்னல் பக்கம் திரும்பி, மகளே வீட்டுக்கு நட என்றார். ஜீவராணி விசிறுவதை நிறுத்தவில்லை. கண்ணீர் வழிய வழிய, அணைந்துபோன பெட்டிக்கு விசிறிக்கொண்டே நின்றாள்.

அப்போது வாசலில் கற்பூர வாசனை வந்தது. அது கருவாட்டையும் தாண்டி வந்தது. கோயில் பூசாரி முத்துலிங்கம் குளித்து, திருநீறு பூசி, தாம்பாளத்தை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு நின்றார். வெற்றிலை, தேசிக்காய், உடைத்த தேங்காய், செவ்வந்திப் பூ. நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு தட்டையான வெள்ளிநிறச் சாமான், சந்தனம் பூசி, குங்குமப் பொட்டு வைத்து. பெரிய ஆட்கள் பேசிக்கொண்டிருந்ததால் அவர் பணிவாக ஒதுங்கி நின்று, பேச்சு ஓயட்டும் என்று பார்த்திருந்து, பிறகு தொரைக்கு முன்னால் தாம்பாளத்தை நீட்டினார்.

"தொர, நேத்தே ஆபீஸ்ல குடுக்கச் சொல்லியிருந்தீங்க, பூசை முடிய ராவாயிருச்சுங்க. நீங்க டிரைவர்கிட்ட குடுத்தனுப்பின டிஸ்க்கை, நீங்க சொன்ன மாதிரியே ஒருத்தர் கண்ணுலயும் காட்டாம மூணு வெள்ளிக்கிழமையும் அம்மன் காலடியில வச்சு எடுத்தாச்சுங்க, இனி மிசின்ல மாட்டலாங்க."