பிளக்கைப் பிடுங்கியதற்கு நன்றி

பெருமதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு,

உங்கள் மாப்பிள்ளை பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம், உங்கள் மகள் நலம், அவள் வயிற்றுக்குள் இருப்பவரும் உதைக்கிற உதையைப் பார்த்தால் நலமாகத்தான் இருக்க வேண்டும். நீங்கள் நலமா என்று கேட்கப் போன் அடித்தால் எடுக்க மாட்டேன் என்கிறீர்கள். அதனால்தான் கடிதம். இதையாவது நீங்கள் அணைத்து வைக்க முடியாது பாருங்கள்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நீங்கள் எதையும் கெடுக்கவில்லை. என் வேலையும் மானமும் இன்று தப்பியிருப்பது உங்கள் கையால்தான். பிரசவம் முடியும்வரை கூட இருக்கிறேன் என்று வந்தவர் இப்படிப் பாதியில் போகலாமா? "அப்பா வந்தாத்தான் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புவேன்" என்று உங்கள் மகள் ஒற்றைக் காலில் நிற்கிறாள். நிறைமாதத்தில் இரண்டு காலில் நிற்பதே கஷ்டம்.

அன்று நடந்ததற்கு என் முகம்தான் காரணம். குளித்துவிட்டு வந்து பார்க்கிறேன், ஜன்னலோரம் வைத்திருந்த ஆபீஸ் பெட்டி செத்துக் கிடக்கிறது, பிளக் தரையில் கிடக்கிறது. "யாரு இதைப் பிடுங்கினது?" என்று கொஞ்சம் சத்தமாகத்தான் கேட்டுவிட்டேன். நீங்கள் சமையலறையிலிருந்து ஓடிவந்து, "நான்தான் மாப்ளே, பழக்க தோஷம்" என்றீர்கள். காலமெல்லாம் தீயணைப்பு நிலையத்தில் இருந்தவருக்குச் சுவரில் சொருகியிருக்கும் எதைப் பார்த்தாலும் நெருப்பாகத்தான் தெரியும், அது எனக்குப் புரியாதா? திரும்பச் சொருகினேன். பெட்டி பாதிவரை எழுந்து அப்படியே நின்றுவிட்டது. "கம்பெனி மெஷினா? போச்சா?" என்று கேட்டீர்கள். இல்லை மாமா என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். தலையைத் தூக்கியபோது நீங்கள் பையோடு வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தீர்கள். "நான் இங்க இருந்தா இன்னும் எதையாச்சும் கெடுத்து வைப்பேன்" என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறிவிட்டீர்கள்.

என்ன நடந்ததென்று விளக்குகிறேன், பொறுமையாகப் படியுங்கள். அந்தப் பெட்டிக்குள் ஒரு செயலி இருக்கிறது, பிராசசர் என்பார்களே, பெட்டிக்கு மூளை அதுதான். அதைச் செய்கிற கம்பெனி, விற்றுத் தீர்த்த பிறகு தன் தப்புகளைக் கண்டுபிடித்துத் திருத்தம் அனுப்பும். அதற்கு மைக்ரோகோட் என்று பெயர். முத்திரை வைத்த பொட்டலம், உள்ளே என்ன இருக்கிறதென்று நமக்குச் சொல்ல மாட்டார்கள். கரண்ட் போனால் செயலிக்கு அந்தத் திருத்தம் மொத்தமும் மறந்துவிடும், கண்விழிக்கும்போதெல்லாம் புதிதாக ஊட்ட வேண்டும். அதனால் பெட்டி விழித்ததும் முதலில் ஓடுகிற பூட்லோடரோடு அந்தப் பொட்டலத்தையும் சேர்த்து ஒரே மூட்டையாகக் கட்டி, கரண்ட் போனாலும் மறக்காத வேறொரு சிப்பில் ஏற்றிவிடுவோம். மூட்டை கட்டுகிற அந்த வேலைக்கு பில்ட் என்று பெயர், கட்டுகிறவன் உங்கள் மாப்பிள்ளை. கல்யாணத்தில் கேட்டவர்களிடமெல்லாம் "கம்ப்யூட்டர்ல என்னவோ பண்றாரு" என்றீர்களே, அந்த என்னவோ இதுதான்.

இந்த முறை வந்த செயலி புது ரகம். நான் மூட்டையில் வைத்ததோ பழைய ரகத்துக்கான பொட்டலம். செயலி அதன்மேல் இருக்கும் அடையாள எண்ணைப் பார்க்கும், தனக்கு வந்ததில்லை என்று தெரிந்தால் சத்தம் போடாமல் ஒதுக்கிவிடும். பில்ட்டும் ஒரு வார்த்தை கேட்காமல் பச்சை எழுத்தில் 'வெற்றி' என்று போட்டது. ஆனால் அதற்கு முன்பே ஒருநாள் சோதனைக்காகச் சரியான பொட்டலத்தை நானே தனியாக அந்தப் பெட்டிக்கு ஊட்டியிருந்தேன். அதன்பிறகு ஒருவரும் பிளக்கைத் தொடவில்லை, எல்லாம் நாற்காலியில் உட்கார்ந்தபடியே கீபோர்டைத் தட்டி ரீஸ்டார்ட். கரண்ட் போகாததால் பெட்டி அன்று சாப்பிட்ட தெம்பிலேயே ஒவ்வொரு முறையும் எழுந்து நின்றது, நாங்கள் எங்கள் மூட்டையின் மகிமை என்று நினைத்துக்கொண்டோம். சோதனை பார்க்கிறவருக்கு ஆபீசில் 'சந்தேகம்' என்று பட்டப்பெயர். அவருக்கே சந்தேகம் வரவில்லை. பிளக் பிடுங்கப்பட்ட அன்றுதான் அந்தத் தெம்பு போய், என் மூட்டையின் லட்சணம் வெளியே வந்தது.

இந்தப் பெட்டிகள் எங்கே போகின்றன தெரியுமா? குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளை வைக்கிற இன்குபேட்டர்களுக்கு. ஆஸ்பத்திரியில் ஒருமுறை கரண்ட் போய் வந்திருந்தால் அத்தனையும் எழுந்திருக்காமல் கிடந்திருக்கும். லாரியில் ஏற்றிய சரக்கை இறக்கச் சொல்லி நான் மானேஜரிடம் விஷயத்தைச் சொன்னதும் அவர், "யாருய்யா பிளக்கைப் பிடுங்கின புண்ணியவான்?" என்றார். "என் மாமனார் சார்." "அவரை இங்க வேலைக்குச் சேர்த்துக்கலாமா?" என்று நிஜமாகவே கேட்டார். இப்போது எண் பொருந்தாவிட்டால் பில்ட் அங்கேயே நின்றுவிடும்படி செய்துவிட்டேன். கடைசியில் ஒரு ஆள் போய்ப் பிளக்கைப் பிடுங்கிச் சொருகிப் பார்க்க வேண்டும் என்பதும் விதி. 'சந்தேகம்' அதற்கு 'மாமனார் சோதனை' என்று பெயரே வைத்துவிட்டார்.

ஆகவே தயவுசெய்து திரும்பி வாருங்கள். வீட்டில் எதை வேண்டுமானாலும் பிடுங்கிக்கொள்ளுங்கள். உங்கள் கட்டிலை ஃபேனுக்கு நேராக மாற்றிப் போட்டிருக்கிறேன். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள், எங்களை ஆசீர்வதியுங்கள்.

என்றும் நன்றி மறவாத,
மாப்பிள்ளை

பின்குறிப்பு: ஒட்டுவதற்கு முன் இதை உங்கள் மகளிடம் படித்துக் காட்டினேன். பாதியில் சிரிக்க ஆரம்பித்தவள் முடிவதற்குள் அழுதுவிட்டாள். "பிளக்கைப் பிடுங்கினது நான்தாங்க. இடுப்பு வலிக்கு ஒத்தடம் குடுக்குற கரண்ட் சூட்டுப் பையை அந்த இடத்துல சொருகிட்டு, உங்க பெட்டியைத் திரும்ப மாட்ட மறந்துட்டேன். நீங்க கத்துனதும் எனக்கு வாய் வரல, அப்பா கண்ணைக் காட்டிட்டு முந்திக்கிட்டாரு. இருந்தா உளறிடுவேன்னுதான் ஊருக்கே போனாரு. போன் எடுக்காததும் அதுக்குத்தான்" என்றாள். ஆகவே மேலே எழுதிய நன்றி அத்தனையும் உங்களுக்குச் செல்லாது, உரியவளிடம் நேரிலேயே சேர்த்துவிட்டேன். செய்யாத தப்பைச் சுமந்துகொண்டு பஸ் ஏறிய மனிதருக்கு எப்படி நன்றி எழுதுவதென்று எனக்குத் தெரியவில்லை மாமா. யோசிக்கவும் நேரமில்லை, அவளுக்கு வலி எடுத்துவிட்டது. இதைத் தபாலில் போடாமல் தெரிந்த டாக்ஸிக்காரரிடம் கொடுத்தனுப்புகிறேன். அந்த வண்டியிலேயே ஏறி நேராக ஆஸ்பத்திரிக்கு வந்துவிடுங்கள். இனி நீங்கள் யாருக்காகவும் பொய் சொல்ல வேண்டாம், வந்தால் போதும்.