உம்பாய் வழியாகத் தென் துருவம்

துருவ ஆராய்ச்சியாளர்களில் இரண்டு வகை உண்டு. முதல் வகையினர் நிஜமாகவே துருவத்துக்குப் போய், மூக்கு விறைத்து, கால் விரல் ஒன்றிரண்டைப் பறிகொடுத்துத் திரும்பி வந்து, அதைப் பற்றி அதிகம் பேசாதவர்கள். அவர்களை விட்டுவிடுவோம். இரண்டாம் வகை மெர்லிமாவில் இருக்கிறது, ஜாசினில் இருக்கிறது, உங்கள் தாமான் குடியிருப்பிலும் கட்டாயம் ஒன்று இருக்கும். கொளுத்தும் வெயிலில், கோப்பிக் கடையில், ஐஸ் போட்ட தேநீர்க் கிளாஸைத் தூக்கிப் பிடித்து, “இந்தக் கட்டி மேல எவ்வளவு தெரியுது, கீழ எவ்வளவு மறைஞ்சிருக்கு, பாத்தீங்களா?” என்று யாராவது ஆரம்பித்தால், குடித்ததற்குக் காசை வைத்துவிட்டு எழுந்து ஓடுங்கள். அவர்தான்.

எங்கள் ஊர்ப் பிரதிநிதி பரமேஸ்வரன். சுங்கை ஊடாங்கில் காவலர் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றதும் சிலர் கோயில் கமிட்டியில் சேர்வார்கள், சிலர் மீன் தொட்டி வாங்குவார்கள். இவர் தொலைக்காட்சியில் அண்டார்டிக்காவைக் கண்டுபிடித்தார். அன்றிலிருந்து ஏர்கோனைக் கடைசி எண் வரைக்கும் இறக்கி, கேமரன் மலையில் வாங்கிய குரங்குக் குல்லாவை மாட்டி, கம்பளியைக் கழுத்துவரை இழுத்துப் போர்த்திக்கொண்டு, பனிப்பாறை உடைந்து கடலில் விழும் ஒவ்வொரு முறையும் “ஐயோ போச்சே!” என்று அலறுவதே அவர் அன்றாடம். அந்த ஏர்கோன் வெளியே கக்கும் அனலில் பக்கத்து வீட்டுக் கறிவேப்பிலைச் செடி கருகிப்போனது. அது பூமி சூடாவதால் என்று அவரே போய் விளக்கிவிட்டு வந்தார்.

இவருக்குத் தெரியாதது என்ன இருக்கிறது? ஆண் பென்குயின் முட்டையைப் பாதத்தின்மேல் வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் பட்டினி நிற்கும் என்பது தெரியும். பனிக்கரடி வடக்கே, பென்குயின் தெற்கே, இரண்டும் ஒன்றையொன்று பார்த்ததே கிடையாது என்பது தெரியும். யாராவது இரண்டையும் ஒரே படத்தில் போட்டு வாட்ஸாப்பில் அனுப்பினால் அன்றைக்கு அந்தக் குழுவில் வேறு பேச்சே கிடையாது. பெண் பென்குயின் கடலிலிருந்து எப்போது திரும்பும்? சொல்லிவிடுவார். மனைவி கிளினிக்குக்கு எப்போது போக வேண்டும்? மனைவியைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

இதுவரை நஷ்டம் நம் காதுக்கு மட்டும்தான். போன மாதம் அவர் தங்கை நிர்மலாதேவிக்கும் சேர்ந்தது.

நிர்மலாதேவி தொழிற்சாலை வேலை போனபிறகு வீட்டிலேயே சமைத்து விருந்துகளுக்கு அனுப்புகிறவள். சின்னச் சின்ன பிறந்தநாள் சாப்பாடாகப் போய்க்கொண்டிருந்தது. முதன்முதலாகப் பெரிய இடத்து நிச்சயதார்த்த விருந்து அமைந்தது. அவர்கள் கேட்டது தெங்கிரி மீன் கறி. அது மட்டும் நன்றாக இருந்துவிட்டால் கல்யாணச் சமையலும் அவளுக்கே என்று பேச்சு. அன்றைக்குப் பார்த்து அவள் வேன் மக்கர் செய்தது. அண்ணனைக் கூப்பிட்டாள்.

“அண்ணே, உம்பாய்ல மீனு சொல்லி வச்சிருக்கேன். எடுத்துக்கிட்டு நேரா வந்துருங்க. எங்கயும் நிக்காதீங்க.”

“ஐஸ் விசயத்துல எனக்கே சொல்றியாம்மா?” என்றார் அண்ணன்.

கடலோர உம்பாயில் மீன்காரர் பெட்டி நிறைய ஐஸைக் கொட்டி, மூடியை இறுக்கி ஒட்டி, காரின் பின்பகுதியில் ஏற்றிவிட்டார். நீங்களும் நானுமாக இருந்தால் வண்டியைக் கிளப்பியிருப்போம். நமக்கு அவ்வளவுதான் அறிவு. பரமேஸ்வரனோ கொஞ்ச தூரம் வந்ததும் ஓரங்கட்டினார். தென் துருவத்தில் அந்தக் காலத்து ஆட்கள் குடிசையில் விட்டுவிட்டு வந்த உணவு இன்றுவரை கெடவில்லை, காரணம் அங்கே வீசும் வறண்ட காற்று, பெட்டியை இப்படி இறுக்கி மூடினால் மீனுக்குக் காற்று எங்கே என்று சிந்தித்து, ஒட்டிய நாடாவைப் பிய்த்து, மூடியைக் கழற்றிப் பின் இருக்கையில் போட்டார். மெர்லிமாவில் அப்போது வெயில் தார்ச் சாலையை இளக்கிக்கொண்டிருந்தது.

பிறகு ஹனிபாவின் கோப்பிக் கடை. ஒரே ஒரு கிளாஸ் தே தாரேக் குடிக்கலாம் என்றுதான் உட்கார்ந்தார். பக்கத்து மேசையில் யாரோ தெரியாத்தனமாக “இன்னிக்கு என்ன சூடு!” என்று சொல்லிவிட்டார்கள். போதாதா? தென் துருவப் பனியில் சிக்கிய கப்பலின் கதை புறப்பட்டுவிட்டது.

“பரமேஸ், மீனு காடியில இருக்குன்னு சொன்னியே,” என்று ஹனிபா வெளியில் நின்ற காரைக் காட்டிக் கல்லாவிலிருந்து ஒரு குரல் கொடுத்தார்.

“இருக்கட்டும்லா! இங்க முப்பது பேரு ஐஸ்ல மாட்டிக்கிட்டு நிக்கிறான், நீங்க மீனப் பத்திப் பேசுறீங்க!”

கைப்பேசி அடித்தது. கவிழ்த்து வைத்தார். மறுபடி அடித்தது. கப்பலின் பலகைகள் நொறுங்கிக்கொண்டிருந்தன. அதை நடுவில் விட்டுவிட்டு எப்படி எடுப்பார்?

அவர் தங்கை வீட்டு வாசலில் வந்து நின்றபோது பெட்டியைத் திறக்க வேண்டிய வேலை யாருக்கும் இருக்கவில்லை. வாசமே இறங்கி வந்து வணக்கம் சொன்னது. நிர்மலாதேவி எட்டிப் பார்த்தாள். வெதுவெதுப்பான தண்ணீரில் மீன்கள் மிதந்தன. அரைத்த மசாலா உள்ளே தயாராக இருந்தது, புளி கரைத்தாகிவிட்டது. அவள் முகம் போன போக்கைப் பார்த்தால் கல்லுக்கும் வயிறு எரியும்.

“கடல் தண்ணியே சூடாயிருச்சும்மா,” என்றார் பரமேஸ்வரன். “புடிக்கும்போதே பாதி வெந்துதான் வருது. இது உலகம் பூரா உள்ள பிரச்சன.”

“உலகத்த விடுங்கண்ணே. நான் போன் அடிச்சப்ப ஏன் எடுக்கல?”

“அப்பதாம்மா கப்பல் மாட்டிக்கிச்சு.”

“எந்தக் கப்பலு?”

அவர் உட்கார்ந்து முதலிலிருந்து சொல்லத் தயாரானார். அவள் உள்ளே போய்விட்டாள்.

அன்று விருந்தில் மீன் கறிக்குப் பதில் முட்டைச் சம்பல் பரிமாறப்பட்டது. பெண் வீட்டார் ஒன்றும் திட்டவில்லை. மரியாதையாகச் சிரித்தார்கள், மரியாதையாகக் கை கழுவினார்கள், கல்யாணச் சமையலை மரியாதையாக வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார்கள். மண்டபத்தில் அவள் காலிப் பாத்திரங்களை அடுக்கிக்கொண்டிருந்த அதே நேரத்தில், அண்ணன் வீட்டில் கம்பளிக்குள் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதுகொண்டிருந்தார். தங்கைக்காகவா? தாயைத் தொலைத்த ஒரு பென்குயின் குஞ்சுக்காக. பொய்யழுகை இல்லை அது, மூக்கெல்லாம் சிவந்திருந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வருவதே அதனால்தான்.

பாவம் நிர்மலாதேவி, என்றுதானே நினைக்கிறீர்கள்? நல்ல மனசு உங்களுக்கு. அவளை நீங்கள் பார்த்ததில்லை, அவள் கையால் சாப்பிட்டதில்லை, மெர்லிமாவ் எந்தத் திசை என்றுகூடத் தெரியாமல் இருக்கலாம். ஆனாலும் மனம் கனத்துப்போய் உட்கார்ந்திருக்கிறீர்கள். அதற்குள் அடுப்படியிலிருந்து உங்களை இரண்டு தடவை கூப்பிட்டாகிவிட்டது. “இதோ வரேன்” என்று கண்ணை எடுக்காமலே சொன்னீர்கள். போங்கள் ஐயா, எழுந்து போய் என்னவென்று கேளுங்கள்.