கோரம் அண்ணாச்சி கூட்டிய கூட்டங்கள்

நாலு பேர் சேராமல் உலகத்தில் நல்ல காரியம் எதுவும் நடக்கவே கூடாது என்று நம்பிய ஒரே மனிதர், தாராவியில் எங்கள் தர்ம மருந்தகத்தின் செயலாளர் கோரம் அண்ணாச்சிதான். அறுபதுகளில் ஒரு தோல் கிடங்கில் அவர் குமாஸ்தா, நான் டைப்பிஸ்ட். டிரஸ்டின் விதிப் புத்தகம் எப்போதும் அவர் சட்டைப்பையில் இருக்கும்.

டிரஸ்டிகள் ஏழு பேர். நாலு பேர் வந்தால்தான் கூட்டம் செல்லும், அதுதான் கோரம்; அண்ணாச்சியின் பட்டப்பெயரும் அதில் வந்ததுதான். இருவர் காலமானார்கள். ஒருவர் ஊரோடு போய்விட்டார். இன்னொருவர் வாதம் வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தார். அண்ணாச்சியையும் சேர்த்து மிஞ்சியது மூன்று பேர். அந்த நேரம் பார்த்து மருந்தக அறையின் வாடகை ஒப்பந்தம் முடிந்தது. டிரஸ்டின் தீர்மானம் வந்தால்தான் புதுப்பிப்பேன் என்று உரிமையாளர் பூட்டிவிட்டார்.

"என்னையச் சேத்துக்கிட்டா நாலு ஆச்சே அண்ணாச்சி?"

"உம்மச் சேக்கணும்னா கூட்டம் போடணும்வே. கூட்டம் போடணும்னா உம்மச் சேக்கணும்!"

டிரஸ்டுகளைக் கவனிக்கும் சர்க்கார் அலுவலகத்தில் மனு கொடுத்தோம். தீர்மானம் எங்கே என்றார் அங்கிருந்த குமாஸ்தா. கூட்டமே கூட முடியவில்லை என்பதுதான் மனு என்று அண்ணாச்சி தன் இந்தியில் விளக்கினார். "அச்சா, அதையே தீர்மானமாப் போட்டுக் கொண்டு வா" என்று பதில் வந்தது. கெஞ்சிக் கூத்தாடி மனுவை வாங்க வைத்தோம்.

அடுத்து, ஆஸ்பத்திரிக் கட்டிலைச் சுற்றியே கூட்டம் கூட்டினார். நாலாவது டிரஸ்டி குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

"தூங்குறவரு வந்தவரு கணக்குல சேருவாராவே?" என்று என்னைக் கேட்டார் அண்ணாச்சி.

சத்தத்தில் விழித்த நோயாளி, "ஆள விடுங்க. நான் ராஜினாமா!" என்றார். ராஜினாமா செய்தவரை எண்ணலாமா என்று அண்ணாச்சி புத்தகத்தைப் புரட்டுவதற்குள் நர்ஸ் எங்களை விரட்டிவிட்டாள்.

தோல் பதனிடும் ஷெட்டில் வேலை செய்த பாத்துமுத்து அக்கா வாராவாரம் இருமிக்கொண்டே வந்து பூட்டைப் பார்ப்பாள். "உங்க சட்டத்துக்கு இருமலே வராதா அண்ணாச்சி?" என்பாள். மழைக்காலத்தில் அவள் இறந்துபோனாள். கபர்ஸ்தான் வாசலில் அண்ணாச்சி குடையை விரிக்காமல் நனைந்துகொண்டு நின்றார்.

"செத்த டிரஸ்டி கையெழுத்த நானே போட்டிருப்பேன். விட்டீரா?" என்று கத்தினேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. "முன்னால ஒரு பள்ளிக்கூட டிரஸ்டுல, ஒரு கள்ளக் கையெழுத்துதானேன்னு கண்ண மூடிக்கிட்டேன். அதுக்கு அப்புறம் தலைவரு இஷ்டத்துக்குப் போட ஆரம்பிச்சாரு. இப்ப அந்தப் பள்ளிக்கூடம் அவரு மச்சான் வீடுவே."

தீபாவளி கழிந்து சர்க்கார் உத்தரவு வந்தது. நான் உட்பட நாலு புதிய டிரஸ்டிகள். அதற்குள் மருந்தக அறை சோப்புக் கிடங்காகியிருந்தது. பெஞ்சும் மருந்து அலமாரியும் யார் வீட்டுக்குப் போயினவோ.

அண்ணாச்சியின் ஒற்றை அறையில் கூட்டம் கூடினோம். கோரத்துக்கு மேலேயே ஆள் இருந்தது. அவர் எழுந்து நின்று, "பொருள் ஒன்று: மருந்தக அறை" என்று வாசித்தார். அதே வரியைத் திரும்பவும் வாசித்தார்.

அவரைத் திட்டித் தீர்க்கத்தான் நான் வந்திருந்தேன். எழுந்துபோய்க் காகிதத்தை வாங்கி மீதியை வாசித்தேன், அவர் கையைப் பிடித்தபடியே.