நாற்பதாவது மேற்கோள்

ராயபுரம்,
திங்கட்கிழமை.

அன்பு மகள் ரேச்சலுக்கு,

சித்தப்பா அருள்பிரகாசம் எழுதுவது. இங்கே எல்லாரும் நலம். சித்தியின் முழங்கால் மட்டும் இதை மறுத்திருக்கிறது. பெங்களூரில் நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருக்க மாதாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

உறுதியான கடைசித் தகவல் இது: நேற்று மாலை ஐந்தே முக்கால் நிலவரப்படி, உன் ஆய்வுக்கட்டுரை நம் பகுதியில் இருபத்தேழு இடங்களில் மேற்கோள் காட்டப்பட்டிருக்கிறது. சொன்னவன் அச்சகம் ஃப்ரெடி. அவன் இருபத்தொன்பது என்றான். நான் நடந்துபோய்ப் பார்த்ததில் ஒன்று மழையில் கிழிந்திருந்தது, இன்னொன்றை மாடு தின்றுவிட்டது.

பதவி உயர்வுக்கு நாற்பது மேற்கோள் வேண்டும், முப்பத்தொன்பதிலேயே நிற்கிறது, அந்த ஒன்று வராவிட்டால் இன்னும் மூன்று வருடம் காத்திருக்க வேண்டும் என்று நான்கு மாதத்துக்கு முன் நீ போனில் அழுததை நான் ஒரே ஒருவரிடம்தான் சொன்னேன். அவர் எதிர்வீட்டு வியாகுலம்மாள். தண்ணீர் லாரி வரிசையில் ஆள் இல்லாமல் குடம் மட்டும் நின்றாலும் யாரும் அதை நகர்த்துவதில்லை, மனிதருக்குள்ள மரியாதை குடத்துக்கும் கிடைக்கிறது என்று நம் தெருவில் ஆறு மாதம் உட்கார்ந்து எழுதினாயே, அது வெளியான ஆய்விதழின் 114ஆம் பக்கத்தில் வரும் பச்சைக் குடம் அவருடையது. "என் கொடத்த வெச்சிப் பெரிய ஆளான பொண்ணு, ஒரு வார்த்திக்கி ஊரான்கிட்ட தொங்கிகினு கீதா? இன்னா எழுதணும், சொல்லு நைனா" என்றார். எதை எழுதினாலும் அடியில் இன்னார், இந்த வருடம், இந்தப் பக்கம் என்று ஆதாரம் போட வேண்டும், அவ்வளவுதான் என்றேன். நம்மவர்கள் எழுதி அச்சடிப்பது என்னென்ன என்று அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

மறுநாளே பிராங்கிளின் மகள் கோயிலில் புதுநன்மை வாங்கிய விழா பேனரில், கூலிங் கிளாஸ் போட்ட தாய்மாமன்கள் வரிசைக்குக் கீழே 'ரேச்சல், 2021, பக்கம் 114' என்று வந்தது. அடுத்தது, துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய சாலமோனின் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி. எண்ணூரிலிருந்து வந்த அவர் தம்பி டோல்கேட்டில் சுவரைப் பார்த்துவிட்டு, "யாருய்யா இந்த ரேச்சல்? இருபத்தொண்ணுல எங்க அண்ணனுக்கு இன்னா தொடுப்பு?" என்று கத்தியிருக்கிறார். அவருக்கு முன்னால் அந்தக் கேள்வி வீட்டுக்கு வந்து சேர்ந்தது. சாலமோன் மனைவி அழுகையை நிறுத்தினார். சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்று உன் கட்டுரை இருபத்திரண்டு பக்கத்தையும் நான் தமிழில் சொல்லி முடித்த பிறகே அடக்கம் நடந்தது. "கொடத்தப் பத்தியா? மொதல்லியே சொல்றதில்ல?" என்று கேட்டுவிட்டு, அவர் விட்ட இடத்திலிருந்து அழுதார்.

சுவரொட்டியெல்லாம் செல்லாது, ஆய்விதழில் வந்தால்தான் எண்ணுவார்கள் என்று நீ கண்டித்ததும் போய்ச் சொன்னேன். சொல்லியும் அச்சடிப்பது குறைந்ததே தவிர நிற்கவில்லை. வாயாலும் மேற்கோள் காட்ட ஆரம்பித்தார்கள். ஆட்டோ ஷாகுல் ஹமீது மீட்டருக்கு மேல் கேட்க, எவன் சொன்னது என்று சவாரி கேட்டால், "ரேச்சல், நூத்திப் பதினாலு" என்கிறார். கேட்டவர்கள் கொடுத்துவிட்டு இறங்குகிறார்கள்.

வினை அதற்குப் பிறகு வந்தது. குடத்தை யாரும் நகர்த்த மாட்டார்கள் என்று அச்சிலேயே இருப்பதால், போன மாதம் பத்தாம் தேதி எல்லாரும் குடத்தை வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள். 7.20க்கு லாரி வந்தது. குடம் நாற்பத்தொன்று, ஆள் ஒருவர்கூட இல்லை. ஹாரன் கேட்டது; வேறு யாராவது போவார்கள் என்று எல்லாருமே இருந்துவிட்டோம். "கொடமே வந்து ரொப்பிக்குமா?" என்று கேட்டுவிட்டு டிரைவர் 7.31க்குக் கிளம்பிவிட்டார். மறுநாள் வரிசைக்கு நேரில் வந்த அன்புக்கரசி, வரிசையில் முதலாவதாக நின்ற பச்சைக் குடத்தைத் தூக்கி ஓரமாக வீசினார்.

"ஏய், பக்கம் நூத்திப் பதினாலு!" என்றார் வியாகுலம்மாள்.

"பக்கத்த நீயே வெச்சிக்க. தண்ணிய நான் புடிச்சிக்கிறேன்."

அன்றிலிருந்து குடத்துக்கு மரியாதை இல்லை. எல்லாரும் நேரில் நிற்கிறோம்.

நீ கவலைப்படாதே. உன் முடிவு பொய்த்துப்போனது இந்தத் தெருவைத் தாண்டவில்லை. குறிப்பெடுத்துக்கொண்டு நின்ற வெளியாள் ஒருவரைத்தான் பார்த்தேன். குடிநீர் வாரியத்துக்காரர் என்று நினைத்து, டீ வாங்கிக் கொடுத்து, நடந்ததை நிமிடக் கணக்கோடு சொன்னேன். முப்பத்தாறு வருடம் நிருபராக இருந்த பழக்கதோஷம்.

ஞாயிறு பூசையில் உன் பெயருக்கு ஒரு மெழுகுவர்த்தி, நாற்பதாவது மேற்கோளுக்குத் தனியாக ஒன்று ஏற்றினோம். மாப்பிள்ளைக்கு எங்கள் ஆசிகள்.

அன்புடன்,
சித்தப்பா

பின்குறிப்பு: உறையை ஒட்டும்போது, குறிப்பெடுத்த அந்த வெளியாளிடமிருந்து போன் வந்தது. அவர் குடிநீர் வாரியம் இல்லை. பெயர் செங்குட்டுவன், உன் துறைதான். உன் கட்டுரை தவறு என்று ஆய்விதழுக்கு நான்கு பக்கம் எழுதினாராம், அவர்கள் ஏற்றுக்கொண்டும் விட்டார்களாம். ஆதாரம், 'பெயர் வெளியிட விரும்பாத ஓய்வுபெற்ற நிருபர்'. நான் அப்படி விரும்பவே இல்லை. தலையில் கை வைத்தபடி ஒன்று மட்டும் கேட்டேன்: தவறு என்று சொல்வதற்கும் உன் பெயர், வருடம், பக்கம் எல்லாம் போட வேண்டுமா? "போடாம எப்படி சார்? முதல் வரியே அவங்கதான்" என்றார். ஆகவே, தெருவைத் தாண்டவில்லை என்று மேலே எழுதியதை அடித்துவிட்டுச் சந்தோஷப்படு. இதழ் வியாழக்கிழமை மாலை ஆறு மணிக்கு வெளியாகிறது. உன் பதவி உயர்வுக் குழு வெள்ளி காலை பத்தரைக்குக் கூடுகிறது. அதற்குள் எண்ணிக்கை நாற்பதாக ஏறுமா என்பதை அவராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஃப்ரெடி உன் படத்தைப் போட்டு பேனரைத் தயாராக வைத்திருக்கிறான். மேலே 'வாழ்த்துகிறோம்' என்று போடுவதா, 'வருந்துகிறோம்' என்று போடுவதா என்பது வெள்ளி மதியம் தெரியும்.