பொன்னுருக்கலுக்குப் பிந்தவைத்த புகைக்குழாய்

வெள்ளவத்தை,
சனிக்கிழமை.

மதிப்பிற்குரிய சம்பந்தி ஜெயகுமார் அவர்களுக்கு,

வத்தளையில் நீங்களும் சம்பந்தியம்மா நேசமலரும் சுகமாயிருக்கப் பிள்ளையாரை மன்றாடுகிறேன். இங்கே சுகம் என்று எழுதக் கை வரவில்லை.

நேற்று, தாலிக்கான பொன்னுருக்கலுக்கு, உருக்க வேண்டிய பவுனைக் கையில் வைத்துக்கொண்டே நாங்கள் சுபநேரம் தப்பி வந்தது பெரும் பிழைதான். "சகுனம் சரியில்லை, கலியாணத்தை யோசிப்பம்" என்று சம்பந்தியம்மா சொன்னதிலிருந்து எங்கள் வீட்டில் அடுப்பு மூட்டவில்லை. ஆனால் அந்தப் பிழை காரினுடையது. போன கிழமை அதைச் சேர்விசுக்குக் கொண்டுபோன என் மகள் ஹம்சிகா, யாரோ ஒரு கூட்டாளியின் பேச்சைக் கேட்டு, எஞ்சினிலிருந்து புகை போகும் பழைய குழாயைக் கழற்றிவிட்டு, ரேஸ் காருக்குப் போடும் 'ஹெடர்' என்ற நாலு அகலக் குழாய்களைப் பூட்டி வந்திருக்கிறாள். கப்பல் எஞ்சினோடு சீவித்த நான் சொல்கிறேன், எஞ்சின் வேகமாகச் சுற்றினால் அந்தக் குழாய் புகையை இழுத்தெறிந்து பலம் கூட்டும். நெரிசலான காலி வீதியில் ஊருகிற காரிலோ, அகலக் குழாய்க்குள் புகை சோம்பிப்போய், இழுவையே இராது.

சத்தத்துக்கு மட்டும் குறைவில்லை. கொள்ளுப்பிட்டியில் பொலிஸ்காரர் மறித்து, "மாத்தயா, ரேஸ் யனவாத?" என்று, ரேஸுக்கா போகிறீர்கள் எனச் சிங்களத்தில் கேட்டார். பலகாரத் தட்டை மடியில் வைத்திருந்த என் மனைவி றஞ்சிதம், "ஓம், ராகுகாலத்தோட ரேஸ்!" என்று தமிழில் கத்தினா. பிறகு களனிப் பாலத்து ஏற்றத்தில, முன்னுக்கு லொறி, பின்னுக்கு பஸ், கார் ரெண்டுதரம் இருமிப்போட்டு நிண்டிட்டுது. மணிக்கூட்டைப் பாத்தன், சுபநேரம் ஓடுது. வேட்டியை மடிச்சுக் கட்டிக்கொண்டு தள்ள இறங்கினன். "பவுனைக் கீழ போட்டிடாதேங்கோ!" எண்டு றஞ்சிதம் குழற, அதை வாய்க்குள்ள வைச்சுக்கொண்டு தள்ளினன். உங்கள் வாசலில் சுகம் விசாரிக்காமல் நின்றது கர்வத்தால் அல்ல ஐயா, பவுன் அப்போதும் வாய்க்குள்தான் கிடந்தது.

அந்தக் கூட்டாளியைப் பெத்ததுகள் என்னத்தைச் சொல்லி வளத்ததுகளோ! கையில அம்பிட்டானெண்டால் அந்தக் குழாயாலேயே சாத்துவன்.

ஒரு இரும்புக் குழாய்க்காக என் பிள்ளையின் வாழ்வைக் கெடுத்துவிடாதேயுங்கோ. இன்னொரு நல்ல நாள் பாருங்கோ. காலில் விழச் சொன்னாலும் விழுகிறேன்.

உங்கள் வீட்டு விளக்கு நிறைந்து எரிய வேண்டுமென்ற பிரார்த்தனையுடன்,
நாகேந்திரம்.

பி.கு.: கடிதத்தை வாசித்துப்போட்டு ஹம்சிகா இப்போதுதான் வாய் திறந்தாள். கூட்டாளி என்றது உங்கள் மகன் கஜீவனைத்தானாம். "மாமாவுக்கு ஒரு சர்ப்ரைஸ்" என்று மாப்பிள்ளை பக்கத்தில் நின்றே பூட்டுவித்தாராம். ஆகவே கலியாணத்தை யோசிப்பதென்றால் இனி நாங்கள்தான் யோசிக்க வேண்டும். நாங்கள் யோசிக்கவில்லை. நாளைக் குறித்துவிட்டு, எங்களை ஏற்ற உங்கள் காரை அனுப்பிவையுங்கோ.